தாழ்மையை யாருக்குச் சொல்வது?

லூக்கா நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் வரும் பரிசேயன் பொய் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு நாள் நோன்பிருக்கிறான். மோசேயின் சட்டம் எல்லோருக்கும் விதித்த நோன்போ ஆண்டுக்கு ஒரே நாள்தான். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தவறாமல் கொடுக்கிறான். இதெல்லாம் தன் சாமர்த்தியம் என்றுகூட அவன் சொல்லிக்கொள்ளவில்லை. கடவுளுக்கு நன்றி சொல்லித்தான் ஜெபத்தைத் தொடங்குகிறான். ஆனாலும் கடவுளுக்கு ஏற்றவனாக வீடு திரும்பியது அவனல்ல. தூரத்தில் தலை நிமிராமல் நின்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன்தான். ரோம ஆட்சிக்காக வரி தண்டி, அதற்கு மேலும் சொந்த மக்களிடமே பிடுங்கிப் பிழைக்கிறவர்கள் என்று அந்தத் தொழிலுக்கே கெட்ட பெயர். அவன் அதை விட்டுவிட்டதாகவும் கதையில் இல்லை.

பரிசேயன் செய்த குற்றம்தான் என்ன? நல்லது செய்தது குற்றமாகாது. செய்ததை அறிந்திருந்ததும் குற்றமாகாது. கடவுளிடம் பேச வந்தவன், பேச்சின் நடுவே பின்னால் நிற்கிறவனை இழுத்துப் போட்டு, அவனை வைத்துத் தன்னை அளந்துகொள்கிறான். தன் உயரத்தைத் தெரிந்துகொள்ள இன்னொருவனின் பள்ளம் அவனுக்குத் தேவைப்படுகிறது. அந்தக் கணக்குக்குள் கடவுளுக்கு இனி வேலையில்லை.

எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்து 399-இல் இறந்த எவாகிரியுஸ், துறவிகளைத் தாக்கும் தீய எண்ணங்கள் எட்டு என்று வரிசைப்படுத்தினார். பெருந்தீனி முதலில் வருகிறது, அகந்தை கடைசியில். வயிற்றையும் கோபத்தையும் சோர்வையும் வென்று வந்தவனுக்காகக் காத்திருப்பது அது. மற்றப் பாவங்கள் தீய செயல்களில் வெளிப்படுகின்றன, அகந்தையோ நற்செயல்களுக்குள்ளேயே பதுங்கி அவற்றைக் கெடுத்துவிடுகிறது என்று அகுஸ்தீனும் எச்சரித்தார். ஆகவே கிறிஸ்தவ மரபு அகந்தையைப் பற்றி அதிகம் பேசியது சாதித்தவர்களிடம்தான்: நோன்பு காத்தவர், படித்தவர், பதவியில் இருந்தவர். இந்த வரலாற்றை மறந்துவிட்டால் போதனையின் திசையே மாறிப்போகும்.

6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கு தாழ்மைக்குப் பன்னிரண்டு படிகள் வகுக்கிறது. அவற்றில் ஒன்று, எல்லோரையும்விடத் தான் கீழானவன் என்று வாயால் சொல்வதோடு நில்லாமல் உள்ளத்தாலும் நம்புவது. தன்னைப் பற்றிப் பொய் சொல்லிக்கொள்வதா தாழ்மை என்ற கேள்வி இங்கே நியாயமாகவே எழுகிறது. தோமா அக்குயினாஸ் இதற்குத் தந்த விடைக்கு இன்றும் வலு குறையவில்லை. ஒவ்வொருவரிடமும் கடவுள் தந்தது ஒன்று இருக்கிறது, அவரவர் குறை ஒன்று இருக்கிறது. தன் குறையை மற்றவரிடமுள்ள கடவுளின் கொடைக்குக் கீழே வைக்கலாம். தன்னிடமுள்ள கொடையை மற்றவரின் கொடைக்குக் கீழே தள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. நன்றாகப் பாடுகிறவர் தனக்குப் பாட வராது என்று சொன்னால் அது தாழ்மையாகாது, கொடுத்தவரை மறுப்பதாகும்.

ஆனால் இந்தப் போதனையை ஏற்கெனவே குனிந்து கிடப்பவரிடம் கொண்டுபோய்ச் சொன்னால் என்ன ஆகும்? அமெரிக்க இறையியலாளர் வாலரி சேவிங் 1960-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் கேட்டார். அகந்தையே தலையாய பாவம் என்று எழுதியவர்கள் ஆண்கள். தன்னை முன்னிறுத்துவது அவர்களுடைய சோதனை. பல பெண்களின் நிலை வேறு. பிறருக்காகவே கரைந்து, தனக்கென ஒரு முகமே இல்லாமல் போவது அவர்களுடைய ஆபத்து. அவர்களிடம் போய் இன்னும் தாழ்ந்து நில் என்பது காய்ச்சல்காரருக்குக் கம்பளி போர்த்துவதாகும். சேவிங் சொன்னது சரி. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே மட்டுமல்ல, எஜமானனுக்கும் அடிமைக்கும், மேல்சாதிக்கும் கீழ்சாதிக்கும் இடையிலும் அது சரி.

நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயம் 19-ஆம் நூற்றாண்டில் சாதிக்கு ஒரு பக்கமாகக் கட்டப்பட்டது. பீடம் ஒன்று, அதிலிருந்து விரியும் கூடங்கள் இரண்டு, நடுவே சுவர். பூசை வைக்கும் குருவை இரு பக்கமும் பார்க்கலாம். ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரைப் பார்க்க முடியாது. 1910 வாக்கில் சுவர் இடிக்கப்பட்டபோது, அது வேண்டும் என்றவர்கள் வழக்குத் தொடுத்து உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். இதில் நெஞ்சை உறுத்துவது இன்னொன்று. லத்தீன் பூசையில் பாவ அறிக்கையின்போது மார்பில் மூன்று முறை தட்டிக்கொள்வது வழக்கம். அதே ஆயக்காரனின் செய்கைதான். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கைகள் மார்பில் பட்டுக்கொண்டிருந்தன. கை பாவியென்று சொல்ல, சுவர் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. கடவுளுக்கு முன் காட்டும் தாழ்மை உண்மைதானா என்று சோதிக்க, பக்கத்தில் யார் உட்காரலாம் என்ற கேள்வியைவிடக் கறாரான சோதனை கிடையாது.

ஏழைக்கும் ஒடுக்கப்பட்டவருக்கும் அகந்தை வராது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. தனக்குக் கீழே இன்னொருவரைத் தேடிப் பிடிக்கும் பழக்கம் எந்தத் தெருவிலும் உண்டு. ஆனால் ஒருவர் தாழ்மையைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். பிறருக்கு உத்தரவாக இட்டால் அதைச் சொல்கிறவர் பரிசேயனின் இடத்தில் போய் நிற்கிறார். யோவான் நற்செய்தியில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவுகிறவர் அவர்களுடைய குருவாகிய இயேசு. கூச்சத்தில் பதறுகிறவர் பேதுரு. குனிவது மேலே இருந்தவரிடம் தொடங்குகிறது.

மேலும், கடவுளுக்கு முன் பணிகிறவர் வாய் திறக்கக் கூடாது என்றும் வேதாகமம் சொல்லவில்லை. மாற்கு 7-இல் வரும் சீரோபெனிக்கியப் பெண் வேற்று இனத்தவள். மகளுக்காக இயேசுவின் காலில் விழுகிறாள். பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடுவது முறையல்ல என்ற கடுமையான பதில் கிடைக்கிறது. அவள் எழுந்து போய்விடவில்லை, வாயடைத்தும் போகவில்லை. மேசைக்குக் கீழே சிந்தும் துணுக்குகள் நாய்க்குட்டிகளுக்கும் உண்டே என்று அந்தச் சொல்லையே பிடித்துத் திருப்புகிறாள். அந்தப் பதிலுக்காகவே மகளுக்குச் சுகம் கிடைத்ததாக மாற்கு எழுதுகிறார். அவளுடைய விசுவாசம் பெரிது என்று இயேசு சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். இவளைப் பொறுமைக்கும் பணிவுக்கும் மட்டும் உதாரணம் காட்டும் பிரசங்கங்கள், அவள் காலில் விழுந்ததைச் சொல்லிவிட்டு எதிர்த்துப் பேசியதை விழுங்கிவிடுகின்றன.