வரி இல்லை, சான்றிதழ் உண்டு

இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் ஒரு சீஸ் வியாபாரி. இணையத்தில் ஆர்டர் எடுத்து, ஐரோப்பாவிலுள்ள வீடுகளுக்கு 30 பவுண்ட் விலையில் பரிசுப் பொட்டலங்கள் அனுப்பிக்கொண்டிருந்தார். 2020 டிசம்பர் வரை முகவரிச் சீட்டை ஒட்டினால் போதும். பொட்டலம் பாரிஸுக்கும் போகும், பெர்லினுக்கும் போகும். 2021 ஜனவரி பிறந்ததும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ் தேவைப்பட்டது. சான்றிதழுக்கு ஆகும் செலவு 180 பவுண்ட். 30 பவுண்ட் சரக்கை அனுப்ப 180 பவுண்ட் கொடுக்க யாரால் முடியும்? அவருடைய ஐரோப்பிய வியாபாரம் அத்துடன் படுத்துவிட்டது. அரசிடம் முறையிட்டபோது, வளர்ந்துவரும் வேறு நாட்டுச் சந்தைகளைப் பாருங்கள் என்று பதில் கிடைத்ததாகச் செய்தியாளர்களிடம் அவர் சொன்னார்.

அதே நாட்களில் பிரிட்டன் அரசு வெற்றி விழா கொண்டாடிக்கொண்டிருந்தது. 2020 டிசம்பர் 24 அன்று ஐரோப்பிய ஒன்றியத்துடன் வணிக ஒப்பந்தம் முடிவாகியிருந்தது. சுங்க வரி கிடையாது, அளவுக் கட்டுப்பாடும் கிடையாது என்று பிரதமர் போரிஸ் ஜான்சன் அறிவித்தார். அது பொய்யில்லை. சீஸ் வியாபாரி சொன்னதும் பொய்யில்லை. இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்பது விளங்கிவிட்டால், ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறிய பிரெக்சிட் அன்றாட வாழ்வை என்ன செய்தது என்பது பாதி விளங்கிவிடும். யார் பொறுப்பு என்ற கேள்விக்கும் அங்கிருந்துதான் வழி.

எல்லையில் சரக்கை நிறுத்துபவை இரண்டு: வரி, விதி. வரியைப் பேச்சுவார்த்தையில் ஒரே கையெழுத்தில் நீக்கிவிடலாம். விதி அப்படியல்ல. இந்தப் பால் நோயில்லாத மாட்டிலிருந்து கறந்ததா, இந்த மருந்து சோதிக்கப்பட்டதா, இந்தப் பொம்மையின் சாயம் குழந்தைக்குக் கெடுதல் செய்யாதா என்பதற்கெல்லாம் யாராவது உத்தரவாதம் தர வேண்டும். ஐரோப்பாவின் ஒற்றைச் சந்தையில் எல்லா உறுப்பு நாடுகளும் ஒரே விதியை ஏற்றிருக்கின்றன; தகராறு வந்தால் ஒரே நீதிமன்றம் தீர்ப்புச் சொல்கிறது. அதனால் ஒரு நாட்டின் சோதனையை மற்ற நாடுகள் அப்படியே ஏற்கின்றன. எல்லையில் லாரியைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த ஏற்பாட்டைத் தீட்டியதில் பெரும்பங்கு பிரிட்டனுக்குத்தான். 1985-இல் அதற்கான திட்ட அறிக்கையைத் தயாரித்த ஐரோப்பிய ஆணையர் காக்ஃபீல்ட் பிரபு, மார்கரெட் தாட்சர் அனுப்பிவைத்தவர். ஒற்றைச் சந்தை 1993 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

அதிலிருந்து வெளியேறும் நாட்டின் மாடும் மாறாது, பாலும் மாறாது. மாறுவது அதன் உத்தரவாதத்தின் மதிப்பு. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடுகளின் உணவுப் பொருளுக்குச் சான்றிதழ் கேட்கும் விதி, பிரிட்டன் உறுப்பினராக இருந்த காலத்திலேயே இருந்தது. பழிவாங்குவதற்காகப் புதிதாக எழுதப்பட்டதல்ல. அந்த விதிகள் இப்போது பிரிட்டனுக்கும் பொருந்தின, அவ்வளவுதான். வேல்ஸ் கடற்கரையில் மசல் சிப்பி வளர்ப்போருக்கு இது எப்படி வந்து விழுந்தது பாருங்கள். அவர்களுடைய கடல் நீரின் தர வகைப்படி, சிப்பியைத் தூய்மைப்படுத்திய பிறகே விற்க வேண்டும். முன்பெல்லாம் உயிருடன் லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். ஐரோப்பாவில் போய்த் தூய்மைப்படுத்துவார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் தூய்மைப்படுத்தாத உயிர்ச்சிப்பிக்கு ஒன்றியத்தில் அனுமதி இல்லை. ஆகவே சான்றிதழுக்குக் கூட அங்கே வழியில்லாமல் போனது.

வரி இல்லை என்பதிலும் ஒரு முடிச்சு உண்டு. பிரிட்டனில் உற்பத்தியான பொருளுக்குத்தான் அந்தச் சலுகை. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளில் விற்கும் பெர்சி பிக் மிட்டாய் ஜெர்மனியில் தயாராகி, பிரிட்டனின் கிடங்குக்கு வந்து, அங்கிருந்து அயர்லாந்துக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒன்றியத்தில் பிறந்த மிட்டாய் ஒன்றியத்துக்கே திரும்பும்போது வரிக்கு உட்பட்டது. பிரிட்டனைக் கிடங்காக வைத்து நடந்த வியாபாரம் முழுவதும் இப்படித்தான் அடி வாங்கியது.

எதிர்த்திசையில் என்ன நடந்தது? ஐரோப்பாவிலிருந்து வரும் உணவைச் சோதிக்கும் ஏற்பாட்டை பிரிட்டன் ஐந்து முறை தள்ளிப்போட்டது. சோதித்தால் கடையில் விலை ஏறும் என்று அரசுக்கே தெரியும். இதனால் மூன்று ஆண்டுகளுக்கு பிரிட்டிஷ் விவசாயி சான்றிதழுடன் அலைந்தார்; பிரெஞ்சு விவசாயி முன்புபோலவே அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் 2024 ஜனவரியில் சான்றிதழும், ஏப்ரல் இறுதியில் நேரடிச் சோதனையும் வந்தன. டோவர் துறைமுகம், சானல் சுரங்கப்பாதை வழியாக வரும் சரக்குக்கு ஒரு தவணைக்கு 145 பவுண்ட் வரை கட்டணம் வைத்தார்கள். பெரிய சூப்பர்மார்க்கெட் ஒரே லாரி நிறைய ஒரே பொருளைக் கொண்டுவரும், கட்டணம் கரைந்துவிடும். இத்தாலியிலிருந்து கொஞ்சம் இறைச்சி, கொஞ்சம் சீஸ் என்று கலந்து வாங்கும் தெருமுனைக் கடைக்காரரின் லாபத்தையே அது விழுங்கிவிடும்.

கட்டணத்தை எந்த வியாபாரியும் தன் பையிலிருந்து நெடுநாள் கட்டமாட்டார். லண்டன் பொருளியல் கல்லூரியின் ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டார்கள். 2019 டிசம்பர் முதல் 2023 மார்ச் வரை, பிரெக்சிட் கொண்டுவந்த தடைகளால் மட்டும் ஒரு குடும்பத்தின் உணவுச் செலவு சராசரியாக 250 பவுண்ட் கூடியது என்பது அவர்களின் மதிப்பீடு. நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 700 கோடி பவுண்ட். வருமானத்தில் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக்கே செலவழிக்கும் வீட்டில்தான் இது உறைக்கும்.

கொரோனாவும் உக்ரைன் போரும் சேர்ந்துகொண்ட காலத்தில் எது எதனால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நீண்டகால அடிப்படையில் உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறையும் என்று அரசின் நிதிக் கணிப்பு அமைப்பான ஓபிஆர் சொல்வது ஒரு மதிப்பீடுதான். அதைப் பற்றி வாதிடலாம். 2021 செப்டம்பரில் பெட்ரோல் பங்குகளில் நின்ற வரிசைக்கு லாரி ஓட்டுநர் பற்றாக்குறை காரணம் என்றால், அந்தப் பற்றாக்குறைக்குத் தொற்றுநோயும் ஒரு காரணம். ஆனால் கால்நடை மருத்துவரின் கையெழுத்தை எந்த வைரஸும் கேட்கவில்லை. கடவுச்சீட்டில் முத்திரை குத்தச் சொன்னது எந்தப் போரும் இல்லை. டோவரில் பிரெஞ்சு எல்லைக் காவலர்கள் பிரிட்டிஷ் மண்ணிலேயே நின்று சோதிக்கிறார்கள். முன்பு படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து விட்டுவிடுவார்கள். வெளியேறிய பிறகு, 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கவில்லையே என்று பக்கம் புரட்டி, முத்திரை குத்த வேண்டியதாயிற்று. ஒரு பேருந்தில் ஐம்பது பேர் இருந்தால் ஐம்பது புத்தகம். 2023 ஈஸ்டர் விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகள் சென்ற பேருந்துகள் இரவெல்லாம் அங்கே நின்றன.

வட அயர்லாந்தின் கதை வேறு மாதிரி. அயர்லாந்துத் தீவைப் பிரிக்கும் 500 கிலோமீட்டர் நில எல்லையில் சாவடி போட்டால் 1998 சமாதான உடன்படிக்கையின் அடித்தளம் ஆடும். போடாவிட்டால் ஒன்றியத்தின் சந்தைக்குள் எதுவும் நுழையலாம். இதற்கு ஜான்சன் ஏற்ற தீர்வு, எல்லையைக் கடலில் போடுவது. அதாவது, ஒரே நாட்டின் இரு பகுதிகளுக்கிடையே சோதனை. 2019 நவம்பரில் வட அயர்லாந்து வணிகர்களிடம், யாராவது படிவம் கேட்டால் குப்பைத்தொட்டியில் போடுங்கள் என்று அவர் சொன்னார். 2021-இல் ஸ்காட்லாந்து நர்சரியிலிருந்து மண் ஒட்டிய ஒரு செடி பெல்ஃபாஸ்ட் தோட்டத்துக்குப் போக முடியவில்லை. அந்தக் கோபத்தில், பிரிட்டனுடனான இணைப்பை ஆதரிக்கும் டியூபி கட்சி மாகாணக் கூட்டாட்சியிலிருந்து விலகியதால் 2022 பிப்ரவரி முதல் இரண்டு ஆண்டுகள் அங்கே ஆட்சியே நடக்கவில்லை. மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியல் நீண்டுகொண்டே போன மாகாணம் அது. 2016 வாக்கெடுப்பில் 55.8 சதவீதம் பேர் ஒன்றியத்தில் நீடிக்க வாக்களித்த மாகாணமும் அதுதான்.

சரி, யார் பொறுப்பு?

வெளியேற வாக்களித்த 1 கோடியே 74 லட்சம் பேரைத்தான் பலரும் முதலில் கைகாட்டுகிறார்கள். நான் அவர்களைக் கடைசியில் வைப்பேன். வெளியேற வேண்டும் என்று 75.6 சதவீதம் பேர் சொன்ன ஊர், லிங்கன்ஷையரின் பாஸ்டன். சுற்றிலும் காய்கறி வயல்கள். 2004-இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, பெரிய நாடுகளில் பிரிட்டன் மட்டுமே முதல் நாளிலிருந்து தொழிலாளர்களுக்குக் கதவைத் திறந்தது. முடிவு டோனி பிளேர் அரசுடையது. வந்தவர்களுக்கு வேண்டிய வீட்டையும் பள்ளியையும் மருத்துவரையும் எந்த அரசும் அந்த ஊருக்குப் போதுமான அளவு தரவில்லை. 2010-க்குப் பிறகு வந்த சிக்கன நடவடிக்கை இருந்ததையும் வெட்டியது. உதவித்தொகை அதிகம் வெட்டப்பட்ட பகுதிகளில் வெளியேறுவதற்கான ஆதரவு கூடியிருந்ததைப் பொருளியலாளர் தீமோ ஃபெட்சர் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். அந்த மக்களின் குறை உண்மையானது. அதற்கு மருந்து என்று அவர்களிடம் விற்கப்பட்டதுதான் போலி.

விற்றவர்கள் யார் என்பதில் மறைவு ஒன்றுமில்லை. வாரம் 35 கோடி பவுண்ட் பிரஸ்ஸல்ஸுக்குப் போகிறது, அதை மருத்துவச் சேவைக்குத் தருவோம் என்று சிவப்புப் பேருந்தில் எழுதிக்கொண்டு வெளியேறும் தரப்பினர் ஊர் ஊராகப் போனார்கள். பிரிட்டனுக்குத் திரும்பிவரும் தொகையைக் கழிக்காத கணக்கு அது. வாக்கெடுப்புக்கு முன்பே புள்ளிவிவர ஆணையம் அது தவறாக வழிநடத்துகிறது என்று கண்டித்தது. பேருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. நம்மவர்களையும் அவர்கள் விடவில்லை. பிரிட்டனில் வசித்த இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கு காமன்வெல்த் உரிமையால் அந்த வாக்கெடுப்பில் வாக்கு இருந்தது; இருபது ஆண்டு அங்கே உழைத்த போலந்துக்காரருக்கு இல்லை. அமைச்சர் பிரீத்தி படேல், வெளியேறினால் தெற்காசியச் சமையல்காரர்களைக் கொண்டுவருவது எளிதாகும், கறி உணவகங்கள் பிழைக்கும் என்று பிரசாரம் செய்தார். பின்னர் உள்துறை அமைச்சராகி அவரே கொண்டுவந்த புள்ளி அடிப்படையிலான விசா முறையில், அந்த உணவகங்கள் எதிர்பார்த்த கதவு திறக்கவில்லை. குடியேற்றமும் குறையவில்லை. 2023 ஜூனில் முடிந்த ஆண்டில் நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தாண்டியது.

அப்போதைய பிரதமர் டேவிட் கேமரன் தம் கட்சிக்குள் நடந்த சண்டையை அடக்க 2013-இல் இந்த வாக்கெடுப்பை வாக்குறுதியாக்கினார். வெளியேறுவது என்றால் என்ன என்று வரையறுக்காமலே வாக்குச்சீட்டை அச்சடித்தார். தோற்றால் என்ன செய்வது என்று அரசு திட்டமிடவும் விடவில்லை. முடிவு வந்த காலையில் பதவி விலகுவதாக அறிவித்தார். அவருடைய பங்கு பெரிது. ஆனால் சீஸ் பொட்டலத்தின் சான்றிதழை எழுதியது அவரல்ல.

வாக்குச்சீட்டில் இருந்தவை இரண்டே தேர்வுகள்: உறுப்பினராக நீடிப்பது, வெளியேறுவது. ஒற்றைச் சந்தை என்றோ சுங்க ஒன்றியம் என்றோ அதில் ஒரு சொல் இல்லை. நார்வே ஒன்றியத்தில் இல்லை. ஒற்றைச் சந்தையில் இருக்கிறது. 51.9-க்கு 48.1 என்று பிளந்த நாட்டுக்கு அப்படியொரு நடுவழி இருந்தது. கேமரனுக்கு அடுத்துப் பிரதமரான தெரசா மே 2016 அக்டோபரில் பர்மிங்ஹாம் கட்சி மாநாட்டில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கமாட்டோம் என்று பேசி அந்த வழியை அடைத்தார். தம் நிதியமைச்சர் பிலிப் ஹாமண்டையே அந்தப் பேச்சு அதிரவைத்தது என்று ஹாமண்ட் பின்னாளில் சொன்னார். 2017 ஜனவரி 17 அன்று லங்காஸ்டர் ஹவுஸில் ஒற்றைச் சந்தையிலிருந்து விலகுவதை மே வெளிப்படையாக அறிவித்தார். சுங்க ஒன்றியத்தின் பொது வரி ஏற்பாட்டுக்கும் அதே முடிவு. மக்களிடம் கேட்காத கேள்விக்கு மக்கள் பெயரில் பதில் எழுதப்பட்டது அப்போதுதான். என் கணக்கில், அன்றாடப் பாதிப்புக்கான பொறுப்பில் மிகக் கனமான பங்கு இங்கே இருக்கிறது. அதை இன்னும் இறுக்கிக் கட்டி, படிவமே இருக்காது என்று சத்தியம் செய்த ஜான்சனிடமும் இருக்கிறது.

எதிர்த்தரப்பைச் சும்மா விட முடியாது. வெளியேறும் அறிவிப்புக்கான மசோதாவை 2017 பிப்ரவரியில் 498 பேர் ஆதரித்தார்கள். லேபர் கட்சி தன் உறுப்பினர்களை ஆதரிக்கும்படி பணித்திருந்தது. 2019 ஏப்ரல் 1 அன்று ஐரோப்பாவுடன் சுங்க ஒன்றியம் வைத்துக்கொள்ளும் தீர்மானம் நாடாளுமன்றத்தில் 273-க்கு 276 என்று தோற்றது. மூன்றே வாக்கு. இரண்டாவது வாக்கெடுப்பு நடத்தி எல்லாவற்றையும் மீட்டுவிடலாம் என்று நம்பியவர்களில் சிலர் அன்று விலகி நின்றார்கள். கையில் வந்ததை விட்டார்கள், கேட்டதும் கிடைக்கவில்லை.

இப்போது துண்டு துண்டாக ஒட்டுவேலை நடக்கிறது. 2025 மே 19 அன்று கியர் ஸ்டார்மர் அரசு, உணவுச் சோதனைகளைப் பெருமளவு நீக்கும் உடன்பாட்டுக்கு ஒன்றியத்துடன் இணங்கியது. அதே நாளில் ஐரோப்பியப் படகுகளுக்குத் தன் கடலில் மீன்பிடிக்கும் உரிமையை 2038 வரை நீட்டித்தது. 2016-இல் பெரிய வாக்குறுதி தரப்பட்டவர்களில் மீனவர்களும் உண்டு.

பிரெக்சிட்டின் விளைவுகள் குறித்துப் பொது விசாரணை வேண்டும் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு 2023 ஏப்ரல் 24 அன்று நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தது. அரசு மறுத்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் டேவிட் கேமரன் பிரபுவாக்கப்பட்டு, வெளியுறவு அமைச்சராகப் பதவிக்குத் திரும்பினார்.