காலம் சடம்

"காலம் வந்தால் பக்குவம் தானாக வரும்" என்று நம் பெரியவர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. சைவ சித்தாந்த நூல்களை ஓரளவு படித்தவன் என்ற முறையிலும் ஏற்பதில்லை, குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவன் என்ற முறையிலும் ஏற்பதில்லை. தொழிலிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் இருப்பது ரொறன்ரோவில். கனடாவில் கியூபாச் சுருட்டு சட்டப்படி கிடைக்கும். அதைப் பெட்டி பெட்டியாக வாங்கி, வருடக்கணக்கில் பழசாக்கிப் புகைப்பவர்கள் உண்டு. சுருட்டுக்கென்று செய்த பெரிய மரப்பேழை விலை கூட என்பதால் பலர் வைன் கூலரை வாங்கி அதற்குள் அடுக்கி வைக்கிறார்கள். நான் புகைப்பதில்லை. புகையிலை உடம்பை என்ன செய்யும் என்பதைச் சொந்தத்துக்குள்ளேயே பார்த்தவன். என்றாலும் அந்தக் கூலரின் கதவைத் திறந்ததும் வரும் வாசம் எனக்கு ஊர் வாசம். வலிகாமத்துச் செம்மண்ணில் வெட்டிய புகையிலையைக் குடிலில் தூக்கி, பொச்சுமட்டைப் புகை போட்டு, கோடா தெளித்துப் பாடம் பண்ணியவர்களின் பேரன் நான். அப்பு குடிலுக்குள் போய் இலையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு புகை வேணும்" என்பார். கடிகாரத்தையோ கலண்டரையோ அவர் பார்த்ததில்லை.

சுருட்டுக்கு வேண்டிய ஈரப்பதன் 65 முதல் 70 சதவீதம். வெப்பம் 16 முதல் 20 பாகை செல்சியஸ் என்றால் நல்லது. ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கினால் உள்ளே ஈரப்பதன் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். மேசையில் கிடக்கும் சுருட்டு சில நாளில் வெடித்துவிடும். கோடையில் வெப்பம் 25 பாகையைத் தாண்டி நின்றால் இலைக்குள் ஒளிந்திருக்கும் புகையிலை வண்டின் முட்டை பொரித்து, சுருட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஈரம் கூடினாலோ பூஞ்சணம் பிடிக்கும். மூன்றுமே காலத்துக்குள்தான் நடக்கின்றன. சும்மா விட்டால் காலம் செய்கிற வேலை இதுதான்.

கொம்பிரசர் வைத்த கூலர் இதற்கு அவ்வளவு உகந்ததல்ல. அது ஓடும்போதெல்லாம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். பெல்தியே தகடு வைத்த கூலரைத்தான் நான் சொல்வேன். இருவேறு கடத்திகள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சுடும் என்று பிரெஞ்சுக்காரரான பெல்தியே 1834இல் கண்டார். அந்தத் தகட்டையும் சிறு விசிறிகளையும் கொண்டே பெட்டி அதிர்வில்லாமல் இயங்கும். கம்பித் தட்டுகளை எடுத்துவிட்டு செட்ரெலா மரத்தட்டு போடுவார்கள். அது அமெரிக்க வெப்ப நாடுகளின் மரம், நம் வேம்பின் குடும்பம். தண்ணீர் வடியும் துளையை அடைப்பார்கள். உப்புக் கரைசல் அடைத்த பை ஒன்று வைப்பார்கள். காற்று காய்ந்தால் அது ஈரம் விடும், நனைந்தால் வாங்கிக்கொள்ளும். வீடு குளிர்ந்திருக்கும் மாதங்களில் சிலர் கூலரை மின்சாரத்தில் செருகுவதேயில்லை. இறுக்கமாக மூடும் பெட்டி என்பதே போதும்.

கவனியுங்கள், இவற்றில் எதுவும் சுருட்டைப் பக்குவப்படுத்தவில்லை. புதுச் சுருட்டில் அமோனியா நெடி இருக்கும். அது மெல்ல மெல்ல வெளியேறும். இலையின் காரம் அடங்கும். உள்ளிலையும் கட்டிலையும் மேலிலையும் தனித்தனியாக வீசிய வாசத்தை விட்டு ஒன்றோடொன்று கலக்கும். அந்த மாற்றம் இலைக்குள்ளிருந்து வருகிறது. இல்லாதது தோன்றாது என்ற சற்காரியவாதத்தை எனக்குப் புத்தகத்தை விட இலைதான் நன்றாக விளக்கியது. கூலர் கேடு வராமல் காத்து நிற்கிறது, அவ்வளவே.

இப்போது சித்தாந்தத்துக்கு வருகிறேன். உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலம் அதை அநாதியாகப் பற்றியது, செம்பில் களிம்பு போல. அந்த மலம் பரிபாகம், அதாவது பக்குவம், அடையும்போது உயிரில் அருள் பதியும் சத்திநிபாதம் நிகழும். இறைவன் குருவாக வந்து உணர்த்துவான். அந்தப் பரிபாகத்தை நடத்துவது யார்? காலம் என்று சொல்ல நூல்களில் இடமேயில்லை. முப்பத்தாறு தத்துவங்களில் காலமும் ஒன்று. மாயையில் தோன்றியது, சடம். அறிவற்ற பொருள் தானாக எதையும் செலுத்தாது. பரிபாகத்தை நடத்துவது திரோதான சக்தி. மலத்தோடு நின்று, மறைப்பாகத் தோன்றி, உயிரை வினைப்பயனில் அழுந்தச் செய்து மெல்ல மெல்லப் பழுக்க வைக்கிற அருள் அது. சரியை, கிரியை, யோகம் என்று நாம் செய்வனவெல்லாம் அந்த வேலைக்கு இடம் காத்துக் கொடுப்பவை. கோயில் கூட்டுவதும் தேவாரம் படிப்பதும் அவ்வகையில் கூலர் வேலை என்று நான் சொன்னால் யாரும் கோபிக்க வேண்டாம். என் தொழிலை நான் மதிப்பாகவே நினைக்கிறேன்.

ஆனால் ஓரிடத்தில் இந்த ஒப்புமை முறிகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும். மட்டமான இலையை எத்தனை வருடம் காத்தாலும் மட்டமாகத்தான் இருக்கும். நல்ல இலையும் அளவுக்கு மீறி வைத்திருந்தால் வாசம் இழந்து வெறும் புகையாகிவிடும். உயிர் அப்படியல்ல. மலத்தால் முழுதும் மூடப்பட்ட கேவல நிலையில் கிடக்கும் உயிருக்கும் சிவத்தைச் சார்ந்து அதுவாகும் தகுதி உண்டு என்பது நம் சமயத்தின் அடிப்படை. தரம் பிரித்து ஒதுக்கிவிடக்கூடிய உயிர் என்று ஒன்று அங்கே இல்லை. பிந்திப்போனது என்றும் இல்லை.

இதனால்தான் இங்கு சமய வகுப்புகளில் கேள்வி கேட்கும் பிள்ளைகளிடம் "உனக்கு இன்னும் பக்குவம் வரேல்லை" என்று சொல்வதைக் கேட்டால் மனம் கொதிக்கிறது. சொல்பவர் நல்லவராகவே இருப்பார். ஆனால் கடவுள் ஏன் மறைந்திருக்கிறார் என்று பன்னிரண்டு வயதில் கேட்கிற பிள்ளை திரோதானத்தைப் பற்றித்தான் கேட்கிறது. அதற்கு விடை நம்மிடம் எழுத்தில் இருக்கிறது. பக்குவத்தை அளக்கும் வேலை நமக்குத் தரப்படவில்லை. வகுப்பு எடுப்பவர்களையும் பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளை கேட்ட அன்றைக்கே, தெரிந்த அளவில் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அடுத்த கிழமைக்குள் படித்துக்கொண்டு வந்து சொல்லுங்கள்.