வீரமாமுனிவரின் லத்தீன்

மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவிய சிலைகளில் வீரமாமுனிவரும் நிற்கிறார். தேம்பாவணிக்காகவும் சதுரகராதிக்காகவும் அவரைப் போற்றுகிறோம். லத்தீனில் அவர் தமிழுக்குச் செய்ததைப் போதிய அளவு பேசுவதில்லை. அது என் நெடுநாள் மனக்குறை.

இத்தாலியில் 1680இல் பிறந்த பெஸ்கி என்னும் வீரமாமுனிவர், புதிதாக வரும் பாதிரிமார் தமிழ் கற்பதற்காக 1728இல் லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். கொடுந்தமிழுக்கு, அதாவது மக்கள் அன்றாடம் புழங்கிய தமிழுக்கு! நம் புலவர்கள் பேச்சுவழக்கை இலக்கணத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்த காலம் அது. கொட்டிவாக்கம் குப்பத்தில் மீன் விலை பேசும்போது காதில் விழுகிற தமிழுக்கும் விதிகள் உண்டு என்று இன்று மொழியியலாளர்கள் சொல்கிறார்கள். ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பே அத்தகைய தமிழை மதித்து உட்கார்ந்து எழுதியவர் அவர். செந்தமிழுக்குத் தனி இலக்கணமும் லத்தீனில் செய்தார்.

கொடுந்தமிழ் நூலை 1738இல் அச்சிட்டது தரங்கம்பாடி லுத்தரன் அச்சகம். அந்தச் சபையாரை மறுத்து வேதவிளக்கம் எழுதியவர் இவர். அப்படியிருந்தும் நூலின் தரம் கண்டு அச்சேற்றினார்களே, அவர்களையும் பாராட்டத்தான் வேண்டும்.

திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் தந்தார், காமத்துப்பாலை விட்டுவிட்டார். துறவிக்கு அது தயக்கம் தந்திருக்கலாம். ஆனாலும் அந்த 250 குறளும் அவர் கையால் லத்தீனுக்குப் போயிருக்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.