எலிப்புழுக்கை எதுக்குக் காயுது?

'எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது?' பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். உபயோகம் இருப்பவனுக்கே இடம், மற்றவன் நகரு என்று அர்த்தம். நியாயமாகத்தான் படுகிறது, இல்லையா?

கொஞ்சம் பொறுங்கள். அந்த எள்ளையே கேட்டுப் பார்ப்போம்.

எள்ளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காய் காய்ந்ததும் நுனியில் வெடித்து, விதையை மண்ணில் கொட்டிவிடும். அதனால்தான் விவசாயி, அடிக்காய்கள் மஞ்சளானதுமே செடியை அறுத்து, அடுக்கிக் காயவைத்து, தலைகீழாகப் பிடித்து உதறுகிறார். எல்லாம் கைவேலை.

1943-ல் வெனிசுலாவில் லாங்ஹம் என்ற விஞ்ஞானி, காய் வெடிக்காத எள் செடி ஒன்றைக் கண்டுபிடித்தார். பிரச்னை தீர்ந்தது என்றுதானே நினைப்போம்? இல்லை. காய் திறக்கவே மறுத்தது. விதையை நசுக்காமல் வெளியே எடுப்பது பெரும்பாடாகிவிட்டது. கோணல் தண்டு, குறைந்த விளைச்சல் என்று வேறு தொல்லைகளும் ஒட்டிக்கொண்டு வந்தன. பிறகு, பல நாட்டு ரகங்களைத் தேடிச் சேர்த்து, பல வருஷம் கலந்து கலந்துதான், காய் திறந்தாலும் விதையை விடாத செடி கிடைத்தது. இன்று அமெரிக்காவின் டெக்சாஸில் எள்ளை இயந்திரம் அறுக்கிறது.

எங்கெங்கோ யார் யாரோ, 'இது எதுக்கு?' என்று தூக்கிப் போடாமல் வைத்திருந்த விதைகள் அவை!

கறுப்பு, வெள்ளை, பழுப்பு, சிவப்பு. கிளைவிடுவது, ஒற்றையாக நிற்பது. கணுவுக்கு ஒரு காய், மூன்று காய். எள்ளில் இத்தனை விதம். பூவெல்லாம் இலையாகிப் போகும் நோய் ஒன்றும் உண்டு. அது வந்த செடியில் காய் பிடிக்காது. அதைத் தாங்கும் சக்திக்காக விஞ்ஞானிகள் தேடிப்போவது, செக்குக்குப் போகாத காட்டு எள்ளிடம்தான். சாட்சாத் எலிப்புழுக்கை!

'அப்படியானால் எல்லா ரகத்தையும் காப்பாற்றுங்கள்' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாமா? இங்கேதான் சங்கடம். யார் காப்பாற்றுவது? வானம் பார்த்த பூமியில் ஒரு ஏக்கர் வைத்திருப்பவரிடம் போய், 'விளைச்சல் கம்மியானாலும் பழைய எள்ளையே விதையுங்கள், எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு உதவும்' என்று கேட்பது என்ன நியாயம்? நஷ்டம் அவருக்கு, புண்ணியம் நமக்கா?

விதை வங்கி இருக்கிறதே என்பீர்கள். டெல்லியில் இருக்கிறது. 2008 முதல் நார்வேயின் ஸ்வால்பார்டில், மலைக்குள்ளேயும் இருக்கிறது. அவசியம் வேண்டும். ஆனால், உறைந்து கிடக்கும் விதை புதுப் பூச்சியைப் பார்ப்பதில்லை, தவறிய மழையைப் பார்ப்பதில்லை. வயலில் இருக்கும் விதைதான் ஒவ்வொரு பருவமும் பாடம் படிக்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஃபீஸ் கட்ட வேண்டியது விவசாயி மட்டுமா?

மளிகைக் கடையில் எள் வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? ஒரே நிறம், ஒரே அளவு என்று பார்த்துத்தானே எடுக்கிறோம்? கலப்பு நிறத்தைக் கண்டால், 'என்னங்க இது, மட்டமா இருக்கே' என்கிறோம். அந்த ஒரு வார்த்தை கடைக்காரர் வழியாக, தரகர் வழியாக, வயல்வரைக்கும் போகிறது. அடுத்த வருஷம் அந்த விதை மண்ணைத் தொடாது.

நாலு ரூபாய் கூடக் கொடுத்து அந்தப் 'மட்டமான' எள்ளையும் ஒரு தடவை வாங்கிப் பாருங்களேன். உருண்டை பிடித்தால் அதுவும் இனிக்கத்தான் செய்யும்.