எங்கே வாழ்வது? – புலப்பெயர்வும் குடும்பத் தெரிவும் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

எங்கே வாழ்வது என்னும் வினாவைத் தனியொருவன் தனக்காக எழுப்பும்போது அது வசதி பற்றிய வினா. குடும்பத்தின் பொருட்டு எழுப்பும்போது அஃது அறம் பற்றிய வினாவாகிவிடுகின்றது. பெற்றோர் செய்யும் தெரிவின் விளைவை நெடுங்காலம் சுமப்போர், அத்தெரிவிலே குரலற்றிருந்த குழந்தைகளே என்பது இதற்குக் காரணமாகும். கண்டியைச் சூழ்ந்த கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவைத் தோட்டங்களில் வாழ்ந்தோர் இவ்வினாவை அதன் முழுக் கடுமையோடும் எதிர்கொண்டவர்கள்.

லூல்கந்துரையில் 1867இல் தேயிலைப் பயிர்ச்செய்கை தொடங்குவதற்கு முன்னரே, கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் கண்டி மலைகளுக்கு வந்திருந்தனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்வதென 1974இல் இணக்கம் காணப்பட்டது.

இங்கு மனங்கொள்ளத்தக்க உண்மை ஒன்றுண்டு. எண்ணிக்கை முதலில் தீர்மானிக்கப்பட்டது; மக்களின் விருப்பம் பின்னரே கேட்கப்பட்டது. விண்ணப்பப் படிவத்தை நிரப்பியவர் அவரேயாயினும், எத்தனை பேர் செல்லவேண்டும் என்பதை வகுத்தவர் அவரல்லர். இத்தகைய நிலையில் செய்யப்படும் தெரிவைத் தெரிவு எனல் தகுமா?

மெய்யியலார் இதனை வேறொரு திசையிலிருந்து ஆராய்ந்துள்ளனர். பிளேற்றோவின் ‘கிறீற்றோ’ உரையாடலிலே, உடைமைகளோடு வெளியேறும் உரிமை இருந்தும் ஒருவன் நகரில் தங்கிவிடுவானாயின் அவன் அந்நகரின் சட்டங்களுக்கு இசைந்தவனாவான் என்ற வாதம் முன்வைக்கப்படுகின்றது. டேவிட் ஹியூம் 1748இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இதனை மறுத்தார். அயல்மொழியும் அயல்வழக்கமும் அறியாது, அன்றாடக் கூலியில் வாழும் ஏழை உழவனுக்கு நாட்டை விட்டு வெளியேறும் சுதந்திரம் உண்டு எனல் பொருந்தாது என்பது அவர் கருத்து. ஹியூமின் நியாயத்தை மறுதலையாகவும் நீட்டலாம். தங்கிவிடுதல் இசைவாகாதவாறே, வெளியேறுதலும் எப்போதும் இசைவாகாது. 1973–74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டாலும் 1977ஆம் ஆண்டின் வன்செயல்களாலும் உந்தப்பட்டுப் புறப்பட்டோரைத் தாமே விரும்பிச் சென்றோர் என்று கணக்கெழுதுதல் நேர்மையாகாது. அவர்களை ஏற்றிச்சென்ற புகைவண்டிக்கு மலையகம் ‘ஒப்பாரிக் கோச்சி’ எனப் பெயரிட்டமை சிந்திக்கற்பாலது.

எனினும், நெருக்கடியிலும் தெரிவுக்கு ஒரு சிறு இடம் எஞ்சியிருந்தது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய குடும்பத்தின்முன் பல வழிகள் இருந்தன: பாட்டனின் ஊருக்குச் செல்லலாம், 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் சேரலாம், நூற்பாலைகளை நாடலாம், கேரளத்திலோ கர்நாடகத்திலோ இறப்பர்த் தோட்டங்களுக்குச் செல்லலாம். பாட்டனின் ஊர் இறந்தகாலத்தின் அழைப்பு. அங்கே குலதெய்வம் இருக்கலாம். நிலமும் வரவேற்கும் உறவும் இருக்குமென்பது உறுதியன்று. நீலகிரி நிகழ்காலத்தின் அழைப்பு. கைக்குப் பழகிய கொழுந்தும் உடலுக்குப் பழகிய குளிரும் அங்கு உள. ஆயின், கைப்பழக்கத்தை மட்டும் கருதித் தெரிந்தால், பெற்றோரின் கூடை பிள்ளைகளின் முதுகுக்கும் மாறிவிடக்கூடும். மூன்றாவதான எதிர்காலத்தின் அழைப்பு மெல்லிய குரலுடையது. அருகே பாடசாலை உண்டா, அது எம்மொழியில் கற்பிக்கும், தோட்டத்துக்கு அப்பாலும் தொழில் கிடைக்குமா என்பன அதன் வினாக்கள். குடும்பத்தின் பொருட்டுத் தெரிபவர் முதலில் செவிசாய்க்கவேண்டியது இக்குரலுக்கே.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். முதியோரின் வேரையும் நினைவையும் பொருட்படுத்தாத தெரிவு அறமாகுமா என்பதே அது. ஆகாது என்பது உண்மை. ஆயினும் வேர் எது என்பதே கேள்வி. தமிழகத்தில் இம்மக்களுக்கு வழங்கிய பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. அவர்களுட் பெரும்பாலோர் இலங்கையிலே பிறந்தவர்கள். ஒருபோதும் விட்டகலாத நாட்டுக்கு எவ்வாறு திரும்புவது? நீலகிரியில் அவர்களே ‘சிலோன்காரர்’ ஆயினர். பெயரால் வேர் உண்டாவதில்லை. வாழ்ந்த வாழ்வினாலேயே உண்டாகின்றது.

இதனின்று இரு கடமைகள் பெறப்படும். பெற்றோரின் கடமை, தம் ஏக்கத்தைப் பிள்ளைகளின் நலன் என்று மயங்காதிருத்தல். அதனினும் பெரிய கடமை அரசினுடையது. பசித்தவனிடம் படிவத்தை நீட்டி அவன் ஒப்பத்தை நிரந்தரமாக்குவது அறமன்று. தெரிவு பிழைத்தோர்க்கு மீளும் வழியும் வேண்டும். 1984இல் கப்பற் போக்குவரத்து நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் செல்லாதோர் பலர் மலையகத்திலே எஞ்சினர். அவர்களுக்கும் நாடற்றோர்க்கும் பிரசாவுரிமைக்கு வழிதிறந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமாகும். ஒப்பந்தத்துக்கும் அச்சட்டத்துக்கும் இடையே 39 ஆண்டுகள். படிவம் நிரப்பப்பட்ட நாளில் தாயின் இடுப்பிலிருந்த குழந்தை அதற்குள் நடுவயதை எட்டிவிட்டது.