முடிவு தெரிந்த படம்

மும்பை சென்ட்ரல் ஸ்டேஷன் அருகே மராத்தா மந்திர், 1958-ல் திறந்த தியேட்டர். 1995-ல் அங்கே ரிலீஸான ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’ 2015 பிப்ரவரியில் தூக்கப்பட்டது. ரசிகர்கள் விடவில்லை, மறுபடி போட்டார்கள். 2025-ல் 30 வருஷம் தாண்டியது.

முதல் லட்டு இனிக்கும், நாலாவது திகட்டும் என்பதுதான் நான் பி.காமில் படித்த பொருளாதாரம். இது மட்டும் ஏன் திகட்டவில்லை?

யோசித்துப் பாருங்கள். நம் வாழ்க்கையில் அடுத்த ரீல் என்னவென்று யாருக்கும் தெரியாது. அங்கேயோ, பிடிவாதக்கார அப்பா தினமும் தவறாமல் மனசு மாறி, மகளின் கையை விடுகிறார்.

நிஜத்தில் மாறாத அப்பாக்கள்தானே அதிகம், அப்படியானால் இந்த ஆறுதல் பொய்யா என்கிறீர்களா? அங்கே கண்ணைத் துடைத்துக்கொண்ட அப்பா, வீட்டுக்கு வந்து, ‘உனக்கு என்னம்மா இஷ்டம்?’ என்று மகளைக் கேட்டால் பொய்யில்லை. கேட்காவிட்டால் டிக்கெட் காசு தண்டம். கண்ணீரும்தான்!