இறைவனுக்கென ஒதுக்கிய நிலம்

உலகம் முழுவதும் இறைவனுடையது என்பது சமயங்கள் பலவும் உரைக்கும் உண்மை. அங்ஙனமாயின், அதில் ஒரு பகுதியை மட்டும் அளந்து, ‘இஃது இறைவனுக்குரியது’ என ஒதுக்குவது ஏன்? முழுவதும் உடையவனுக்கு ஒரு கூறு கொடுத்தல் பொருளற்ற செயலன்றோ? இவ்வினாவுக்கு விவிலியத்தின் எசேக்கியேல் நூல் தரும் விடை சிந்திக்கத்தக்கது.

எசேக்கியேல் குருமரபினர், கி.மு. 597இல் பாபிலோனியர் யூதாவிலிருந்து சிறைபிடித்துச் சென்றோருள் ஒருவர். அதன்பின் பத்தாண்டளவில் யெருசலேம் நகரும் அதன் ஆலயமும் அழிந்தன. நகர் அழிந்த பதினான்காம் ஆண்டில், தாய்மண்ணை இழந்த மக்களிடையே வாழ்ந்த அவர், எதிர்கால நாட்டின் அமைப்பைக் காட்சியாகக் கண்டார். அந்நூலின் 40 முதல் 48 வரையுள்ள அதிகாரங்கள் அதனை விரித்துரைக்கின்றன.

நாட்டைப் பங்கிடும்போது, 25,000 அளவு நீளமுள்ள நிலம் இறைவனுக்கெனப் பிரிக்கப்படுகிறது. 10,000 அளவு அகலமுள்ள ஒரு பகுதி ஆலயத்துக்கும் குருமார்க்கும் உரியது. அதே அகலமுள்ள மற்றொன்று லேவியர்க்குரியது. அவற்றையடுத்து 5,000 அளவு அகலத்தில் அனைவர்க்கும் பொதுவான நகர்நிலம் அமைகிறது. அளவைக் கோலென்பாரும் முழமென்பாரும் உளர். முழமெனக் கொண்டாலும் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் ஆகும்.

இவ்வளவுகளை அடுத்து வருவனவே நாம் ஊன்றி நோக்கத்தக்கவை. அரசனுக்கும் பங்கு உண்டு. ஆனால் அஃது எல்லை வகுக்கப்பட்ட பங்கு. குடிகளை ஒடுக்கி அவர்தம் உரிமை நிலத்தை அவன் பறித்தல் கூடாது. முன்னாளில் நாபோத் என்பானின் திராட்சைத் தோட்டத்தை விரும்பிய ஆகாப் மன்னனுக்காக, அவ்வுரிமையாளன் பொய்ச்சான்றால் கொல்லப்பட்டதை விவிலியம் கூறும். அத்தகைய கொடுமைக்கு இங்கே தடை விதிக்கப்படுகிறது. லேவியரும் தமக்கு விடப்பட்ட நிலத்தை விற்கவோ மாற்றவோ இயலாது. நிலப்பங்கீட்டைச் சொன்ன அதே அதிகாரம், தராசும் படியும் நேர்மையாய் இருத்தல் வேண்டும் எனக் கட்டளையிடுகிறது. வழிபாட்டிடத்தின் தூய்மையும் கடைத்தெருவின் நேர்மையும் ஒருங்கே பேசப்படுகின்றன.

இதனால் பெறப்படுவது யாது? இறைவனுக்கு நிலம் தேவை என்பதனால் அஃது ஒதுக்கப்படவில்லை. மனிதனின் ஆசைக்கு ஓர் எல்லை தேவை என்பதனாலேயே ஒதுக்கப்பட்டது. அரசனும் தொடமுடியாத நிலம் ஒன்று உண்டென்றால், அவனுக்கு மேலான அறம் ஒன்று உண்டென்பது கண்கூடாகிறது.

ஒதுக்குதல் பிறரை விலக்குதலாகவும் ஆகாதோ எனச் சிலர் வினவலாம். அவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. உடன்வாழும் அயலார்க்கும் நிலத்தில் உரிமைப்பங்கு தரும் இக்காட்சியே, விருத்தசேதனமில்லா அயலாரை ஆலயத்துள் புகவிடவில்லை. இம்முரண்பாட்டை மறைத்தல் நேர்மையாகாது. புனிதம் என்னும் சொல் வேலியாகவும் மாறக்கூடும் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

அந்த வரைபடத்தின்படி நாடு பங்கிடப்பட்டதில்லை. இனி அது நிறைவேறும் என்பாரும், உருவகமே என்பாரும் உளர். எவ்வாறு கொள்ளினும், ஓரிடத்தைப் புனிதம் என்று அழைப்போர் அதனைச் சூழ வாழும் எளியவனின் நிலத்தையும், அவன் வாங்கும் படியரிசியின் அளவையும் காத்தல் கடன். அக்கடனை மறந்த இடத்தில், மதில் எத்துணை உயர்ந்திருப்பினும், அந்நிலம் இறைவனுக்கு ஒதுக்கப்பட்டதாகாது.